மருமகனுக்குத் துடைத்து வைத்த சீட்டு

காலை ஐந்து மணி பத்து நிமிடம். வாசலில் நின்ற வேனின் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி முன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாரதி இருக்கும் சீட்டை அல்ல, அதற்கு இடப்பக்கம் உள்ளதை. ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம். பிறகு அலுமாரியிலிருந்து எடுத்து வந்த புது வெள்ளைத் துவாயை அதன்மேல் சுருக்கம் இல்லாமல் விரித்தாள்.

சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்த அவளுடைய தம்பி இதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேன் அவனுடையது. பாடசாலை நாட்களில் பிள்ளைகளை ஏற்றுவான், லீவு நாட்களில் ஹயருக்குப் போவான்.

"ராத்தா, என்ட வேனுக்கு இப்பிடி ஒரு மரியாத ஒருநாளும் கிடைச்சதில்ல. நான் இருக்கிற சீட்டையும் ஒருக்காத் துடைச்சி விடுங்களன்."

"நீ சும்மா இரி. மருமகன் இருக்கிற இடம் இது."

நாங்கள் ஐந்து பேர். தம்பி வேன் ஓட்டினான். மனைவி, நான், எங்கள் மகள், மகளைக் கலியாணம் முடித்து மூன்று மாதமான மருமகன். கல்முனையிலிருந்து அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக மலையேறி ஹப்புத்தளைக்குப் போவது திட்டம். வழியில் விகாரைகள், நீர்வீழ்ச்சிகள். புது மருமகனை எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்பது மனைவியின் ஏற்பாடு. மலைக்குத்தான் போக வேண்டும் என்பதும் அவளுடைய ஏற்பாடுதான். அதற்கு வேறு காரணம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வோம். மருமகன் எங்களோடு ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார். ஆனாலும் மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. பல வீடுகளில் இந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் தளரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மனைவி குசினி வாசலில் நின்று, "புள்ள, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா எண்டு கேளு" என்பாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் மருமகன், "காணும் எண்டு சொல்லு" என்பார். இரண்டு பேச்சும் மகளுடைய காதுக்குப் போவதற்கு முன்பே போக வேண்டிய காதுக்குப் போய்விடும். மகள் வாயைத் திறக்க மாட்டாள், சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

மனைவிக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. சமதரையில் பிறந்து வளர்ந்தவள். வளைவில் வாகனம் திரும்பினால் குமட்டிச் சத்தி வரும். கலியாணமான புதிதில் மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறினோம். பாதி வளைவு முடிவதற்குள் அவளை இறக்கி, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. இன்னொரு தரம் சொந்தக்காரர்களோடு இதே வெல்லவாயப் பாதையில் போனோம். மலையடிவாரத்திலேயே இறங்கி, பள்ளிவாசலில் பெண்கள் தொழும் அறையில் நாள் முழுவதும் இருந்தாள். மேலே போன நாங்கள் பொழுதுபட வந்து போனைக் காட்டினோம். ஹப்புத்தளையில் மேகம் காலுக்குக் கீழே போவதைப் படம் பிடித்திருந்தோம். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மேகத்த மேல இருந்து பார்க்கிற எப்பிடி இரிக்கும்?" என்று அன்று இரவு கேட்டாள்.

இந்த முறை ஹப்புத்தளைக்குப் போயே தீருவது என்று இருந்தாள். அதற்கு வழியும் இருந்தது. முன் சீட்டில் இருந்தால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றுவதில்லை. பின் சீட்டில் இருந்தால் பக்கத்து ஊர் மருதமுனைக்குப் போய் வருவதற்குள்ளேயே தேசிக்காயை மூக்கில் பிடித்து முகர வேண்டும். இது எனக்கும் தம்பிக்கும் மகளுக்கும் தெரியும். மருமகனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது கட்டளை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை தம்பி சொல்லிப் பார்த்தான். "மாப்பிள்ளக்கிட்ட நான் கதைக்கன், ராத்தா. அவர் பின்னால இரிக்கட்டும்."

"அவர்ட காதுல இது விழுந்தா நான் வீட்ட விட்டு வெளிக்கிட மாட்டன். மாமி மருமகன்ட சீட்டப் புடுங்கினா எண்டு பாலமுனையில கதைக்கட்டுமா?" மருமகனின் ஊர் பாலமுனை.

"அப்ப சத்தி எடுத்துக்கிட்டு வாங்க."

"எடுப்பன். உனக்கென்ன?"

பத்துச் சொப்பிங் பேக்கை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். முன்னால் தம்பியும் மருமகனும். நடுச் சீட்டில் நானும், கயிறு போட்டுக் கட்டிய சோற்றுச் சட்டியும், மண்ணால் செய்த மூன்று தயிர் முட்டிகளும். கடைசிச் சீட்டில் தாயும் மகளும். காரைதீவுச் சந்தியில் திரும்பிச் சம்மாந்துறை வயல்களுக்குள் இறங்கியபோது விடியத் தொடங்கியது. அறுவடை முடிந்த வயலில் கொக்குகள் நின்றன. மருமகன் போனைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்தார். தம்பி அவருக்கு இடைவிடாமல் கதை சொன்னான். எந்தச் சந்தியில் எந்தப் பொலிஸ்காரர் தன்னை மறித்தார், என்ன சொல்லித் தான் தப்பினான் என்பதுதான் எல்லாக் கதையும். மருமகன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் சின்ன மாமா" என்றார்.

அம்பாறை தாண்டியதும் பாதை மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. சியம்பலாண்டுவையில் தேத்தண்ணி குடித்தோம். மொனராகலைக்குக் கிட்ட முதல் மலை நீலமாகத் தெரிந்தது. மகள் கத்தினாள். மனைவி எழுந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கு மேலயா போற?"

"அது சின்னன் ராத்தா. இது மலைக்குட்டி. தாய் அங்கால இரிக்கி."

வெல்லவாய வரைக்கும் அவளுக்கு ஒன்றும் இல்லை. பாதை நேர். அங்கிருந்து தனமல்வில பக்கம் கொஞ்சம் போய், ஒரு குளக்கரையைச் சுற்றி, புதுருவகல என்ற இடத்துக்குப் போனோம். காட்டுக்குள் ஒரு பெரிய பாறை. அதில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் புத்தர், நின்ற நிலை. தலையைப் பார்க்கப் பின்னால் நடந்துகொண்டே போக வேண்டும். முன்பு பூசிய சுதை சில இடங்களில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அவருடைய பாதத்துக்குக் கிட்ட, விளக்குச் சுடரின் வடிவத்தில் பாறையில் ஒரு குழி. அதைத் தொட்டு முகர்ந்தால் கடுகெண்ணெய் மணக்கும் என்று அங்கே நின்ற காவலாளி சொன்னார். மகள் விரலை வைத்து முகர்ந்தாள். மருமகனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். தாய் பார்ப்பதைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மணக்குதா?" என்று நான் கேட்டேன்.

"மணக்குது வாப்பா. கடுகோ என்னமோ தெரியா."

திரும்பி வேனுக்கு வந்தபோது ஒரு பிக்கு மரத்தடியில் குடையோடு நின்றார். ஐம்பது வயது இருக்கும். அவரோடு வெள்ளைச் சாரம் கட்டிய ஒருவர். சாரக்காரர் தம்பியிடம் வந்து, பிக்குவை மரியாதையாக ஹாமுதுரு என்று குறிப்பிட்டு, சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். ஹாமுதுரு வெல்லவாயவுக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஆரண்யத்துக்கு, பிக்குகளின் காட்டு மடத்துக்கு, போக வேண்டும். வருவதாக இருந்த முச்சக்கரவண்டி பழுதாகிவிட்டது. பிக்குகள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. அங்கே தானச் சாப்பாடு காத்திருக்கிறது. நீங்கள் மேலே போவதானால் ஏற்றிக்கொள்ள முடியுமா?

தம்பி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அவன் யோசிக்க முன்பே மருமகன் முன் கதவைத் திறந்துவிட்டார். இந்த நாட்டில் பஸ்ஸில் முதல் சீட் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். எழுதாத வாகனத்திலும் அதுதான் நடைமுறை. வெள்ளைச் சாரக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிக்குகள் இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி விரிப்பது அவர்களுடைய வழக்கம். சீட்டில் புது வெள்ளைத் துவாய் விரித்துக் கிடந்தது. அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துச் சிங்களத்தில் மெச்சினார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"என்ன சொல்றாரு?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

"நாம எல்லாம் தெரிஞ்சி ஆயத்தமா வந்திருக்கமாம்."

ஹாமுதுரு ஏறினார். வெள்ளைச் சாரக்காரர் கும்பிட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். மருமகன் கடைசிச் சீட்டுக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மனைவி எழும்பி நடுச் சீட்டுக்கு, எனக்குப் பக்கத்தில் வந்தாள். சோற்றுச் சட்டி கீழே இறங்கியது.

வெல்லவாயவிலிருந்து பாதை உடனே ஏறத் தொடங்குகிறது. நான் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவில் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தாள். அடுத்ததில் இரண்டு கையாலும் பிடித்தாள். ஹாமுதுரு கலகலப்பானவர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம்.

"உங்கள் ஊரில் மலை இல்லையா?"

"இல்ல ஹாமுதுருவே," என்று தம்பி சிங்களத்தில் சொன்னான். "எங்கட ஊரில ஆக உயரமானது தண்ணி டாங்கி."

ஹாமுதுரு குடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தம்பிக்கு அது காணும். பொலிஸ்காரர் கதைகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கினான், இந்தத் தரம் சிங்களத்தில். வேன் வளைந்தது. பள்ளத்தில் மூங்கில், இறப்பர் மரம், பிறகு வெறும் வானம். பின்னால் மகளும் மருமகனும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அந்தச் சிரிப்பு இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கைப்பையைத் திறந்தாள். நான் தேசிக்காயை நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிட்டுப் பேக்கை எடுத்தாள்.

வேனை நிற்பாட்டச் சொல்லவில்லை. முன்னால் பிக்கு இருக்கிறார், அவருக்கு நேரம் போகிறது. சத்தம் வராமல் எடுத்தாள். அவ்வளவு அடக்கமாக ஒருவர் சத்தி எடுத்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருக்க ஆரண்யத்தின் வாசலுக்கு வந்தோம். பாதையோரத்தில் ஒரு மதில், உள்ளே கூட்டி வரிவரியாகக் கோடு விழுந்த மணல் முற்றம், அதற்கு அப்பால் சரிவில் சிறிய வெள்ளைத் தாதுகோபம். இரண்டு இளம் பிக்குகள் வாசலிலேயே நின்றார்கள். ஹாமுதுரு இறங்கினார். மனைவி என் முழங்கையை இடித்துத் தயிர் முட்டியைக் காட்டினாள். பிக்குவின் கையில் பெண்கள் நேரே கொடுப்பதில்லை என்று நான் சொன்னேன். அவள் முட்டியை மகளிடம் கொடுத்தாள். மகள் மருமகனிடம் கொடுத்தாள். மருமகன் இரண்டு கையாலும் ஹாமுதுருவிடம் கொடுத்தார். இப்படிக் கைமாற்றிக் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல.

ஹாமுதுரு ஏதோ வாழ்த்திவிட்டு, முட்டியோடும் குடையோடும் உள்ளே ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நாங்கள் மதிலோரம் நின்றோம். மனைவி வாயைக் கொப்பளித்துவிட்டு மதில் கட்டின்மேல் இருந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. மேலே பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போவது அங்கிருந்தே தெரிந்தது. ஒரு லொறி மிக உயரத்தில் எறும்பளவில் ஊர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"நான் இஞ்சயே இரிக்கன்," என்றாள். "நீங்க போய்ப் பார்த்திட்டு வாங்க. இஞ்ச நல்ல நிழல்."

"உம்மா!" என்றாள் மகள்.

"ஏலா புள்ள. ஏலாட்டி ஏலாதானே."

மூன்றாவது தரமும் மேலே போகாமலே முடியப் போகிறது என்று எனக்குப் பட்டது. தம்பி சிலிப்பரால் மணலைக் கிளறினான். வேனின் முன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைத் துவாய். விஷயம் தெரிந்த நான்கு பேரும் அந்தச் சீட்டைப் பார்க்காமல் இருக்க வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருமகன் மகளிடம் கேட்டார். "மாமி முன்னால இருந்தா சத்தி வருமா, வராதா?"

மகள் தாயைப் பார்த்தாள். தாய் தாதுகோபத்தைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி டயரைப் பார்த்தான்.

"வராதுபோல," என்றார் மருமகன். "அப்ப ஏன் காலையிலயே முன்னுக்கு ஏத்தல்ல?"

தம்பியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "துடைச்சது ஆரு, துவாய் விரிச்சது ஆரு? அந்தச் சீட்டில இனி அவவே ஏறுவாவா? ஏறினா பாலமுனையில என்ன கதைப்பாங்க?"

"டேய்!" என்றாள் மனைவி.

மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்.

"சின்ன மாமா, கோவிக்க வேணாம். கல்முனையில இருந்து வெல்லவாய வரைக்கும் எனக்கு அந்தச் சீட் ஒரு தண்டன. கண்ணுக்குள்ள வெயில். உங்கட பொலிஸ் கதை வேற. எனக்கு இவவோட பின்னால இரிக்கத்தான் விருப்பம். மாமி தன்ட கையால துடைச்சித் தந்தத எப்பிடி வேணாம் எண்டு சொல்லுற?"

"என்ட கதைக்கு என்ன குற?" என்றான் தம்பி.

மகள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனைவி அசையவில்லை. அவளுடைய குரல் இறங்கியிருந்தது.

"புள்ள, அவருக்குச் சொல்லு. அவருக்கெண்டு வச்ச இடத்தில நான் எப்பிடி இரிக்கிற? அது சரிவரா."

மருமகன் திறந்து கிடந்த முன் கதவைப் பார்த்தார்.

"மாமிக்கிட்ட சொல்லு. அது இப்ப என்ட இடமில்ல. அதுல ஹாமுதுரு இருந்திட்டுப் போயிட்டார். அவர் எறங்கினதோட அது வெறும் சீட். ஆரும் இரிக்கலாம்."

மகள் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. தேவையும் இல்லை. மனைவி இதை மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினாள். பிறகு எழும்பி, சாரியைத் தட்டி, வேனுக்குப் போய், துவாயை நாலாக மடித்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். வெறும் சீட்டில் ஏறி இருந்தாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

"எடு வேன," என்றாள் தம்பியிடம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கடினம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரண்டு மூன்று வளைவுகளுக்குள்ளேயே தியலும நீர்வீழ்ச்சி தெரிந்தது. பாதையிலிருந்தே தெரிகிறது. கரும்பாறையில் மேலிருந்து விடப்பட்ட தண்ணீர், பாதி வழியில் காற்றில் கலைந்து, திரும்பவும் ஒன்று சேர்ந்து விழுந்தது. தம்பி வேனை ஓரம் கட்ட முன்பே மனைவி கதவைத் திறந்துவிட்டாள். சாரல் பாதை வரைக்கும் வந்தது. அவள் கையை நீட்டி, நனைந்த கையை முகத்தில் தடவிக்கொண்டாள். அங்கேயே பாறையில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். ஆண்கள் சுற்றியிருந்து சேர்ந்து உண்ண ஒரு சஹன் தட்டு, பெண்களுக்கு ஒரு சஹன். மனைவி கோழிக் காலைக் கடித்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்தாள்.

"இதப் பார்க்கவா என்ன விட்டுட்டுப் போனீங்க, அந்த முற?" என்று என்னிடம் கேட்டாள்.

அங்கிருந்து பாதை இன்னும் செங்குத்து. இப்போது ஒவ்வொரு வளைவையும் அவள் முன்கூட்டியே அறிவித்தாள். "வருது, வருது, இடப்பக்கம் வருது! தம்பி, ஹோன் அடி!" தம்பி அடித்தான். "அடிச்சதே காணா, இன்னொண்டு அடி!" எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, பள்ளத்தின் விளிம்பில் டயர் நின்றபோது நான் கண்ணை மூடினேன். அவள் சன்னலால் தலையை நீட்டி டயரைப் பார்த்தாள். "இன்னும் ஒரு சாண் இடம் இரிக்கி" என்றாள். கொஸ்லந்தை தாண்டியதும் தேயிலை தொடங்கியது. அதை மட்டமாக வெட்டிவிட்ட வேலி என்று அவள் நினைத்தாள். மலை முழுவதும் வேலியா என்று கேட்டாள். பின் சீட்டிலிருந்து மருமகன், "தேயிலை எண்டு சொல்லு" என்றார். காதில் குளிர் ஏறியது. தம்பி ஏசியை நிறுத்தி எல்லாச் சன்னலையும் திறந்தான். மகள் பாட்டுப் பாடத் தொடங்கினாள். மருமகன் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பாட வராது.

ஹப்புத்தளையில் கடைத்தெருவுக்குச் சற்று முன்னால், ஒரு பக்கம் முழுவதும் திறந்து கிடக்கும் இடத்தில் வேன் நின்றது. மனைவி இறங்கிக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தேயிலைச் சரிவு இறங்கி இறங்கிப் போய், ஓரிடத்தில் வெள்ளையாக முடிந்தது. அந்த வெள்ளை மெல்ல நகர்ந்தது. அதற்குக் கீழே எங்கேயோ ஒரு லொறி ஏறும் சத்தம் கேட்டது. லொறி தெரியவில்லை.

நானும் தம்பியும் அவளுக்கு அருகில்தான் நின்றோம். மகள் வேனுக்குள் குளிருக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மருமகன் பாதையின் மறுபக்கத்தில் தேத்தண்ணிக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகன்!" என்று மனைவி கத்தினாள். "மகன், ஓடி வாங்க! கீழ பாருங்க, மேகம்!"

மருமகன் பாதையைக் குறுக்காகக் கடந்து ஓடி வந்தார். அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"ஓம் மாமி," என்றார்.

மகள் வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவனுடைய காலை மிதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேகம் சரிவில் ஏறி வந்து பாதையை மூடியது. தம்பி வேனின் முன்விளக்குகளைப் போட்டான்.